சாக்குத் தலை

"உதைக் கழட்டும்."

"எதை?"

"வாசல்ல இருக்கிறதை. அதுவும் என்ர சட்டையைப் போட்டு இருத்தி வைச்சிருக்கிறீர்."

ஜெகதீஸ்வரிக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரு கிழமையாக வேலைக்குப் போய் வந்த களைப்போடு களைப்பாகச் செய்த பொம்மை ஆள். கணவனின் பழைய குளிர்ச்சட்டைக்குள்ளும் காற்சட்டைக்குள்ளும் பேப்பர் அடைத்து, கையுறைக்குள் பஞ்சு திணித்து, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தியிருந்தாள். தலைக்கு பாஸ்மதி அரிசிச் சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. கழுத்துக்குள் உடைந்த சோபாவின் சுருள்கம்பி. லண்டன் ஃபாரஸ்ட் கேட் காற்றுக்கு அந்தத் தலை, 'ஓம், ஓம்' என்று ஆமோதிப்பதுபோல ஆடியது.

ஹலோவீனுக்குத் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஏதோ ஒரு பேய் நிற்கும். இவர்கள் வீட்டை மட்டும், இனிப்புக் கேட்டு வரும் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள். இந்த வருசம் அப்படி விடுவதில்லை என்று நினைத்துத்தான் தொடங்கினாள்.

"பக்கத்து வீட்டு பெர்னடெற் வந்து படம் எடுத்துக்கொண்டு போறா. உங்களுக்கு மட்டும் ஏன் குத்துது?"

"பின்னேரம் தில்லை வாறான்."

"வரட்டுமன். சம்பந்தம் பேச வாற மனுசன் பொம்மையைக் கண்டோ ஓடப்போறார்?"

"ஓடுவான்," என்றார் தேவராசா.

தில்லையம்பலம் அவரோடு ஊரில் ஒரே வகுப்பில் படித்தவர். அவருடைய மகன் லக்‌ஷனும் இவர்களின் மகள் தாரகாவும் தாங்களே விரும்பிக்கொண்டார்கள். பெரியவர்கள் இருந்து பேசினால் முடிந்தது. அப்படியிருந்தும் காலையிலிருந்து இந்த மனுசனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யன்னலுக்குப் போனார். வந்தார். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பொம்மைக்கு முன்னால் நின்றார். வெட்டாமல் திரும்பினார். பிறகு கறுப்புக் குப்பைப் பையொன்றால் அதன் தலையை மூடிவிட்டு வந்தார். காற்று அந்தப் பையைத் தூக்கிப்போய் எதிர்வீட்டு வேலியில் போட்டது.

"உங்களுக்கென்ன விசரே? பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமான் அது!"

"நீர் ஜெர்மனியில வளர்ந்தனீர். உமக்குத் தெரியாது."

"தெரியாததைச் சொல்லுங்கோவன்."

அவர் இருந்தார். உடனே எழும்பினார்.

"ஆமிக்காரங்கள் ஊரைச் சுத்தி வளைப்பாங்கள். பள்ளிக்கூட மைதானத்தில பெடியளை எல்லாம் வரிசையாய் நடக்க விடுவாங்கள். முன்னால கதிரையில ஒருத்தன் இருப்பான். தலையில சாக்கு. அவனும் எங்கயோ பிடிச்சுக் கொண்டந்த பெடியன்தான். அவன் தலையை ஆட்டினால், முன்னால நிக்கிறவன் ட்ரக்கில ஏற வேணும். ஏறினவங்கள் திரும்பி வரேல்லை."

ஜெகதீஸ்வரி யன்னலால் பார்த்தாள். வாசலில் தலை ஆடிக்கொண்டிருந்தது.

"தலையாட்டி எண்டு சொல்லுறது. ஆட்டினானோ இல்லையோ, சாக்குக்குள்ள இருந்தவனை ஊர் மன்னிக்காது."

"உங்களைக் காட்டினவங்களோ?"

"இல்லை."

"தில்லையண்ணையை?"

"அவன் அந்த வரிசையில வந்தவன்."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சிநேகிதனின் ஆறாத புண்ணில் கை பட்டுவிடக் கூடாதென்றுதான் இவ்வளவு தவிப்பு. காலையிலிருந்து மனதுக்குள் அவரைத் திட்டியதெல்லாம் இப்போது அவளையே சுட்டது.

"விடுங்கோ. நானே கழட்டுறன்."

சாக்கின் முடிச்சில் அவள் கை வைக்கவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. தில்லையம்பலம் தனியேதான் இறங்கினார். மனைவிக்கு ஷிப்ட்.

ஜெகதீஸ்வரி பொம்மையை மறைத்துக்கொண்டு நின்றாள். "வாங்கோ அண்ணை. உது நான் தெரியாமல் செய்துபோட்டன். இவர் இப்பதான் சொன்னவர். குறை நினையாதேங்கோ."

தில்லையம்பலம் அவளைச் சுற்றிக்கொண்டு வந்து பொம்மைக்கு முன்னால் நின்றார். முகத்தில் இருந்த சிரிப்பு அணைந்துவிட்டது. யாரோ அதட்டியது போலக் கைகள் இரண்டும் தாமாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

வாசற்படியில் தேவராசா அசையாமல் நின்றார்.

"வடிவாய்ச் செய்திருக்கிறீர், தங்கச்சி," என்றார் தில்லையம்பலம் கடைசியில். "கழட்டாதேயும். பிள்ளையள் வந்து பார்க்கட்டும்."

ஜெகதீஸ்வரி தேத்தண்ணி போட உள்ளே ஓடினாள். தட்டத்தோடு திரும்பி வந்தபோது, கதவு பாதி திறந்திருந்தது. இரண்டு பேரும் இன்னும் வெளியேதான் நின்றார்கள்.

"தில்லை, பிள்ளையளின்ர விசயம் கதைக்க முதல் உனக்கு நான் ஒண்டு சொல்ல வேணும்." தேவராசாவின் குரல் அவளுக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "இவ்வளவு காலமும் சொல்லாமல் விட்டிட்டன். அண்டைக்கு அந்தக் கதிரையில..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"சாக்கு முகத்தைத்தானே மூடும், மச்சான். காலை மூடுமோ? பள்ளிக்கூடக் காலம் முழுக்க உன்ர அந்தக் காலிட்ட இருந்து பந்து பறிச்சவன் நான்."

ஜெகதீஸ்வரி தட்டத்தைக் கதவடியில் இறக்கி வைத்தாள்.

காற்று மறுபடி எழும்பியது. ஆடத் தொடங்கிய சாக்குத் தலையைத் தில்லையம்பலம் கையால் ஆதரவாகப் பிடித்து நிறுத்தினார்.

"அவ்வளவு அடியிலயும் நீ ஒருத்தருக்கும் தலை ஆட்டேல்லையடா. ஆட்டியிருந்தால் உன்ர மகளுக்கு இப்ப மாப்பிள்ளை ஏது?"