விருப்பமில்லை

"விருப்பமில்லை" என்று மூன்றாவது முறையும் எழுதி நீட்டினான் டிக்சன். சுபேதார் லிங்கராஜ் படிவத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மேசைமேல் எறிந்தார்.

"ஏலே, ஒனக்கென்ன கோட்டியா? ஐ.நா. அமைதிப் படைக்கு ஆள் கேக்காங்க. ஒரு வருஷம் ஆப்பிரிக்கா. அவனவன் எப்படா கூப்பிடுவாங்கன்னு நிக்கான். நீ என்னடான்னா..."

டிக்சன் விறைப்பாக நின்றான்.

அவர்கள் பகுதிநேரச் சிப்பாய்கள். சொந்த வேலையை வைத்துக்கொண்டு, வருஷத்தில் இரண்டு மாதம் மட்டும் சீருடை போட்டுப் பயிற்சிக்கு வருகிற டெரிட்டோரியல் ஆர்மி. இந்த வருஷம் தூத்துக்குடியில், உப்பளங்களை ஒட்டிய மைதானத்தில் முகாம்.

வெளிநாட்டுக்கு யாரையும் வற்புறுத்தி அனுப்புவதில்லை. நாற்பது பேர் வேண்டும். முப்பத்தொன்பது பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டீசல் இஞ்சின் தெரிந்த ஆள்தான் பாக்கி. சத்தத்தைக் கேட்டே இஞ்சினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடக்கூடியவன் டிக்சன் ஒருவன்தான்.

லிங்கராஜ் இந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. டிக்சனைப் பற்றி ஃபைலில் இருந்ததெல்லாம் ஒரு வரி: மெக்கானிக், தனியார் நிறுவனம்.

அவருடைய ஆத்திரத்துக்கு வேறு காரணமும் உண்டு. இருபத்தாறு வருஷ சர்வீஸில் இதே படிவத்தில் நான்கு முறை "விருப்பம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒருமுறைகூடப் பெயர் வரவில்லை. இப்போது முழங்கால் போய்விட்டது.

"சாவுக்குப் பயமாலே?"

"இல்ல சார்."

"பெறகு?"

டிக்சன் மேசைமேல் கிடந்த படிவத்தை மறுபடியும் அவர் பக்கம் நகர்த்தினான்.

"சரி, போ. அடுத்த வருஷ கேம்ப்புக்கு ஒன் பேரை எழுத மாட்டேன். ஒர்க்‌ஷாப்புலயே ஸ்பேனரைப் பிடிச்சிட்டுக் கெட!"

டிக்சனின் முகம் வெளுத்துவிட்டது. "சார், அது மட்டும் செஞ்சிராதீங்க. கேம்ப் இல்லன்னா எனக்கு..." முடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

லிங்கராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேகாத வெயிலில் ஓடவும் பதுங்குகுழி தோண்டவும் கெஞ்சுகிறான். விமானம் ஏறச் சொன்னால் மாட்டேன் என்கிறான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்ததும் நாசரேத்திலிருந்து பஸ் ஏறி, நான்கு வயது மகளோடு முகாமுக்கு வந்திருந்தாள் டிக்சனின் மனைவி ஜெஸ்மி. டிக்சன் ஓடிப்போய்க் கையை நீட்டினான். பிள்ளை அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டது.

"இந்த மாமா யாரும்மா?"

முடியை ஒட்ட வெட்டியதில் பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டார் லிங்கராஜ். படிவத்தை எடுத்துக்கொண்டு நேராக ஜெஸ்மியிடம் போனார்.

"ஏம்மா, நீயாவது சொல்லக் கூடாதா? ஒரு வருஷம் வெளிநாட்டுல இருந்தா கொறஞ்சா போயிருவான்? எப்பப் பாத்தாலும் ஊரையும் ஒர்க்ஷாப்பையும் கட்டிப் பிடிச்சிட்டுக் கெடந்தா எப்படி?"

ஜெஸ்மி புருஷனைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவன் தலையசைத்தான்.

"போதும், இன்னும் எத்தன நாளைக்கு மறைக்கப் போறீங்க?" என்றாள் அவனிடம். பிறகு லிங்கராஜின் பக்கம் திரும்பினாள். "இவரு எந்த ஒர்க்‌ஷாப்புலயும் இல்ல சார். சரக்குக் கப்பல்ல இஞ்சின் ரூம் வேலை. பத்து மாசமும் சிங்கப்பூரு, பிரேசிலுன்னு கடல்லயே கெடக்காரு. லீவு கேட்டா கம்பெனிக்காரன் தர மாட்டேங்கான். பட்டாளத்துலருந்து கடுதாசி போனா மட்டுந்தான் எறக்கி விடுதான்."

லிங்கராஜ் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். "அதுக்காகவா..."

"ஆமா சார். இவரு பட்டாளத்துல சேந்ததே இந்தியாவுல இருக்கத்தான்."