ஆர்லிக்ஸ் பாட்டில் நிறையத் திருநீறு

வீட்டுக்குள் வந்த பிறகும் மாசிலாமணி பையைக் கீழே போடவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து, அதை இரண்டு கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். கருப்புச் சட்டையில் ஆங்காங்கே வெள்ளைப் பொடி. தட்டத் தட்டப் பரவியது.

"கெடச்சுதா?" என்று சமையல்கட்டிலிருந்து கேட்டாள் கெங்கம்மாள். குவைத்தில் இருக்கும் மகளுக்காக, உப்பு நார்த்தங்காயை ஜாடியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பைக்குள் கையை மட்டும் விட்டு, பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆர்லிக்ஸ் பாட்டில். கழுத்துவரை மயிலம் கோயில் திருநீறு.

திண்டிவனத்தில் அவருக்குப் பெயரே தீச்சட்டி மாசிலாமணிதான். விழுப்புரம் ஊர்வலத்தில் எரிகிற சட்டியை வெறுங்கையால் ஏந்தி, சாமியும் இல்லை கீமியும் இல்லை என்று கடைத்தெரு முழுக்க நடந்து காட்டியவர். மகளுக்குச் சாதகம் எழுதவில்லை. அறிவுக்கொடி என்று பெயர் வைத்தார். ஐயரும் அக்கினியும் இல்லாமல் மேடை போட்டுக் கல்யாணம் செய்து அனுப்பினார்.

அந்த அறிவுக்கொடிக்கு இப்போது மூன்றாவது மாதம். தண்ணீர் குடித்தாலும் வயிற்றில் தங்கவில்லையாம். எழுந்து நின்றால் கண்ணை இருட்டுகிறதாம். ட்ரங்க் காலில் பாதி நேரம் 'அலோ அலோ' என்பதிலேயே போய்விடும். அதனால் லீவில் வந்த கிளியனூர் சுப்புராயனிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

நார்த்தங்காய் வேண்டும். அப்புறம் மயிலத்துத் திருநீறு. வாசனை போட்டது வேண்டாம், சாணி சுட்டதுதான் வேண்டும். ஒரு பாட்டில் நிறைய.

அதைக் கேட்டதிலிருந்து மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. வளர்த்த வளர்ப்பெல்லாம் விமானம் ஏறியதும் கரைந்துவிட்டதா? பக்திதான் வந்தது, அதுவும் கொஞ்ச நஞ்சமா? ஒரு பாட்டிலைப் பூசித் தீர்க்கிற அளவுக்கு அவளுக்கு நெற்றி ஏது?

ஆனால் மசக்கைக்காரி கேட்டதை இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. சுப்புராயன் நாளைக்குக் கிளம்புகிறான். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் மயிலம் போனார். மலை ஏறினார். வரிசையில் நின்றார்.

அதற்குமேல் அங்கே நடந்ததை நினைத்துப் பார்க்க அவர் விரும்பவில்லை.

"உம் பொண்ணு சாமியாரிச்சி ஆயிட்டா. பட்டை பட்டையா பூசிக்கினு நிப்பா. ஒலக்கூர் தோழருங்களுக்குத் தெரிஞ்சா நான் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?"

கெங்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாருங்க பூசிக்கப் போறா? துன்றதுக்குக் கேட்டிருக்கா. அங்க கேஸ் அடுப்பு. சாம்பலுக்கு எங்க போவா?"

மாசிலாமணி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"அன்னிய ஆம்பள கிட்ட சாம்பல் துன்றேன்னா சொல்லி அனுப்புவா? அவ வயித்துல இருக்கச்சொல்ல நான் துன்னாத சாம்பலா? உங்களுக்கு எங்க தெரியும், நீங்க மாநாடு மாநாடா சுத்திக்கினு இருந்தீங்க."

"துன்றாளா?" என்றார் அவர். "அப்ப கும்பிடல!"

வீடே அதிரச் சிரித்தார். மகள் கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை.

சிரித்து ஓய்ந்ததும் அவருக்குள் இருந்த கம்பவுண்டர் விழித்துக்கொண்டார். அவர் வேலை பார்க்கும் லேடி டாக்டரின் கிளினிக்கில் தினமும் பார்ப்பதுதானே. மண்ணும் சாம்பலும் தின்கிற பெண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துக் கிடக்கும். ரத்தம் குறைந்த உடம்பு கண்டதையும் கேட்கும். எத்தனை பேரை அதட்டி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். ஊரார் பெண்கள் கேட்டபோதெல்லாம் உடம்பு கேட்கிறது என்று தெரிந்தது. சொந்தப் பெண் கேட்டபோது மட்டும் கொள்கை குறுக்கே வந்து நின்றுகொண்டது.

"இத அனுப்பக் கூடாது," என்றார். "டாக்டரம்மாவக் கேட்டு மாத்திரை வாங்கியாறேன். அங்க ஆஸ்பத்திரில மொதல்ல ரத்தத்தப் பாக்கணும்னு சுப்புராயன் கிட்ட சொல்லி அனுப்பு. பேரீச்சம்பழம் கொட்டிக் கெடக்கற ஊர்ல உக்காந்துக்கினு சாம்பலுக்கு அலையறா பாரு!"

குரல் மேடைக்கு ஏறிவிட்டது. கையும் உயர்ந்தது.

"இதுக்குத்தான் படிச்சிப் படிச்சிச் சொல்றேன். மனுசனுக்கு வேண்டியது ரத்தம், அறிவு. சாமியாவது பூதமாவது!"

சொல்லிக்கொண்டே எழுந்தார். எழுந்த வேகத்தில் கால் பட்டுப் பை சாய்ந்தது.

உள்ளேயிருந்து ஒரு தேங்காய் மூடி உருண்டு வந்து கெங்கம்மாளின் காலடியில் குப்புற விழுந்தது. ஓட்டில் குங்குமம். நாரில் சிக்கிய சாமந்தி இதழ். அதன் பின்னாலேயே நசுங்கிய வாழைப்பழம் ஒன்று, வெற்றிலையோடு.

உயர்ந்த கையை எங்கே வைப்பது என்று மாசிலாமணிக்குத் தெரியவில்லை.

கெங்கம்மாள் குனிந்து தேங்காய் மூடியை எடுத்தாள். ஒட்டியிருந்த மண்ணை ஊதினாள்.

"அர்ச்சனைக்குப் பொண்ணு நட்சத்திரம் கேட்டிருப்பாங்களே, இன்னா சொன்னீங்க?"

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தெரியலன்னேன். பூசாரி சாமி பேருக்கே பண்ணிட்டாரு."

அவள் தேங்காய்த் துருவியை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூடியைத் துருவ ஆரம்பித்த பிறகு, தலை நிமிராமல் சொன்னாள்.

"அஸ்தம். அடுத்த தபா கேட்டா, அஸ்தம்னு சொல்லுங்க."