சிவப்புக் கோடு

ஊர் மன்றத்தின் தகரக்கூரையில் மழை அறைகிறது. அந்தக் கொலம்பிய மலையிலேயே பிறந்து, உச்சிச் சதுப்பின் ஈரத்தை ஆண்டுக்கணக்காக அளந்த நோரைடா, அமைச்சக அதிகாரிகளின் பக்கத்தில் வரைபடத்தைப் பிடித்தபடி நிற்கிறாள். அவள் ஆய்வை நம்பி அரசு கிழித்த சிவப்புக் கோட்டுக்கு மேலே இனி யாரும் உழக்கூடாது. கூடியிருக்கும் உழவர்கள் எறியும் முதல் உருளைக்கிழங்கு வரைபடத்தைக் கிழிக்கிறது; அடுத்தது அவள் புருவத்தை. கண்ணுக்குள் ரத்தம் வெதுவெதுப்பாக இறங்குகிறது. நாற்காலிகள் பறக்கின்றன, சன்னல் கண்ணாடி நொறுங்குகிறது, அதிகாரிகள் பின்வாசல் வழியாக ஓடுகிறார்கள். "நீ எங்க ஓடுற? நாங்க இனிமே மண்ணையா திங்கறது, சொல்லிட்டுப் போ!" என்று ஒருவன் அவள் முடியைப் பற்றிக் கீழே தள்ளுகிறான். "வருசா வருசம் வெக்கை ஏறுதுண்ணே! அந்தச் சதுப்பும் காஞ்சா கீழ ஒரு ஊருக்கும் தண்ணி கிடையாது. எங்கம்மா வயலும் கோட்டுக்கு மேலதான் இருக்கு!" என்று அவள் கத்துகிறாள். பிடி தளர்கிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கம்பளிப் போர்வை சொட்டச் சொட்ட, அவள் தம்பி எவெலியோ வருகிறான். தூக்கிவிடத்தான் வருகிறான் என்று அவள் கையை நீட்டுகிறாள். "அம்மா வயலையுமாக்கா எழுதிக் குடுத்த?" என்று கேட்டவன், உடைந்த நாற்காலிக் காலை அந்தக் கையின்மேலேயே ஓங்கி இறக்குகிறான்.