ஐஸ் தண்ணீர் போதும்

ஆய்வக ஜன்னல் வெயிலில், தீக்காய வார்டின் ஆண் நர்ஸ் முடி அடர்ந்த கையை மேசைமேல் நீட்டிக் கண்ணை இறுக மூடியிருக்கிறார். உடல் சூட்டில் இறுகிய ஜெல் கட்டு அந்தக் கையில் கண்ணாடித் தகடுபோல் மின்னுகிறது. குளிர்ந்தால் அது மறுபடி நீராக வேண்டும். ஆகாவிட்டால், கட்டுப் பிரிக்கும்போது வார்டுக் குழந்தைகளிடம் அதே அலறல்தான். "போன தடவை பாதி முடி போச்சு தங்கச்சி. இப்பவாவது சொல்லிட்டு இழு." "சரிண்ணே." ஆராய்ச்சிக்காரி ஐஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். ஓரம் நெகிழ்கிறது, நடுப்பகுதி குழைகிறது, மொத்தமும் வழிந்து தட்டில் சேர்கிறது. ஒரு முடிகூட உதிரவில்லை. அவள் தட்டைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்துச் சிரிக்கிறாள். நர்ஸ் இன்னும் கண்ணைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொள்கிறார். "எவ்வளவு நேரந்தான் தங்கச்சி? சட்டுனு பிடுங்கித் தொலை!"