சுருட்டிய நாளிதழ்

வத்சலாவின் காரியத்தன்று காலை, நாளிதழில் அவள் படம் வந்திருந்தது. சிரித்த முகம். அவள் போனதிலிருந்து வீட்டு நாய் சோடா சரியாகச் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அதற்குப் படத்தையாவது காட்டலாம் என்று அவள் கணவர் தணிகாசலம் நாளிதழைக் கையில் எடுத்தார். அவ்வளவுதான், நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு அவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது.

குட்டியாக இருந்தபோது அது கூடத்தில் சிறுநீர் கழித்தால் அவர் நாளிதழைச் சுருட்டித்தான் அடிப்பார்.

“நாயை அடிக்கத்தான் பேப்பர் வாங்குறீங்களா? அப்பப்போ படிக்கவும் செய்யுங்க” என்பாள் வத்சலா. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும் வெளியே கூட்டிப்போய்க் கூட்டிப்போய் அவள்தான் அதைப் பழக்கினாள். ஒருநாளும் கை ஓங்கியதில்லை.

தணிகாசலம் முட்டி வலிக்கத் தரையில் படுத்தார். தாளை விரித்து, படம் மேலே தெரியும்படி மெல்ல உள்ளே தள்ளினார்.

“அடிக்க மாட்டேன்டா சோடா. பாரு, உங்க அம்மாடா.”

தாள் சரசரத்து நெருங்க நெருங்க, சோடா நடுங்கிக்கொண்டே சுவரோடு ஒண்டியது. அவர் கையை எடுத்துவிட்டார். இருவருக்கும் நடுவில், கட்டிலின் நிழலில், வத்சலா சிரித்துக்கொண்டிருந்தாள்.