துண்டு போட்ட நாற்காலி

"கையை எடுங்க. தலைவர் நாற்காலி எங்க துறைக்குத்தான்!" என்றார் பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடபதி.

"மொதல்ல நீங்க எடுங்க!" என்றார் சமூகவியல் அரங்கசாமி.

பீளமேட்டுக் கல்லூரியில் 'ஏற்றத்தாழ்வும் பொதுக்கொள்கையும்' என்ற புது ஆய்வுப் படிப்பை இரு துறைகளும் சேர்ந்து நடத்துகின்றன. தலைவர் யாரென்று நிர்வாகம் இன்னும் சொல்லவில்லை. ஆனால், கூட்ட அறையின் பத்து நாற்காலிகளில் ஒன்றின் முதுகில் மட்டும் இன்று ஒரு வெள்ளைத் துண்டு. அதிகாரிகளின் நாற்காலிக்குத்தானே துண்டு!

அதில் சேர மதுக்கரையிலிருந்து வந்திருந்த ரெபேக்கா சேர்க்கைப் படிவத்துடன் தவித்தாள். ஐந்து மணிக்குள் தலைவர் கையெழுத்து விழாவிட்டால் சீட்டு போய்விடும். மணி நாலே முக்கால்.

"சார், எதுல உக்காந்தாலும் பேனா எழுதுமுங்களே?"

"அம்மணி, ஏற்றத்தாழ்வு படிக்க வந்திருக்கற. யாரு பெரியவங்கன்னு மொதல்ல தெரிஞ்சுக்கோணும்," என்றார் அரங்கசாமி.

டீத் தட்டுடன் வந்த உதவியாளர் காளிச்சாமி, "ஏனுங்க சார், அந்தத் துண்டு..." என்று இழுத்தார்.

"பெரியவங்க பேசறப்ப குறுக்க வராதீங்க!"

பேராசிரியர்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான். சுவரில் 'குரலற்றோரின் குரல் கேட்போம்' என்ற பேனர் ஆடிக்கொண்டிருந்தது.

மணி நாலு ஐம்பது.

"ஆளுக்கு மூணு நிமிசம் மாத்தி மாத்தி உக்காருங்க சார்," என்றாள் ரெபேக்கா, அழுகையை அடக்கிக்கொண்டு. "உக்காந்திருக்கறவரு தலைவரு. அப்பவே கையெழுத்துப் போட்டுருங்க."

"சுழற்சி முறை! அருமையான கொள்கை!" என்றார் வெங்கடபதி.

அவரே முதலில் அமர்ந்தார். துண்டில் பின்னந்தலையைப் பதித்து, கண்மூடி அனுபவித்து, கையெழுத்திட்டார். அரங்கசாமி விடுவாரா? சாய்ந்து, துண்டின் நுனியால் நெற்றியையும் வாயையும் ஒற்றிக்கொண்டு, அதே கட்டத்தில் தானும் கையெழுத்திட்டார்.

ரெபேக்கா படிவத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

தலைமை தந்த தாராளத்தில் அரங்கசாமி திரும்பினார். "காளிச்சாமி, என்னமோ சொல்ல வந்தீங்களே? தைரியமாச் சொல்லுங்க. இந்தப் படிப்பே உங்கள மாதிரி ஆளுகளுக்காகத்தான்."

"ஒண்ணுமில்லீங்க சார். காலைல மழைல நனைஞ்சு வந்தனுங்க. கால் ரெண்டையும் தொடைச்சுப்போட்டு அந்தத் துண்டை அதுல விரிச்சனுங்க. காஞ்சிருச்சுங்களா?"