ஒன்பதாம் நாள் மோப்பம்

ஒன்பதாம் நாளும் இளையவள் கூடத்து நிலைப்படியிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள்.

“இன்னிக்கு நாத்தம் ரொம்ப ஜாஸ்தி, அக்கா.”

மூத்தவளுக்கு உச்சி குளிர்ந்தது. இந்த ஒரு பேச்சுக்காகத்தான் மத்தியானத்திலிருந்து காவல் இருந்தாள்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் ஒருத்தி, தம்பியைக் கட்டியவள் ஒருத்தி. ஒரே கூரையின் கீழ் இருபத்தேழு வருடம். இரண்டு நாடுகள் இத்தனை காலம் மோதியிருந்தால் நடுவில் ஒரு தடவையாவது களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும்.

சமையலறை மூத்தவளுடையது. அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை இடுப்பில் செருகிக்கொண்டுதான் தூங்குகிறாள் என்று வீட்டில் பேச்சு. கூடம் இளையவளுடையது.

அந்தக் கூடத்துச் சன்னலோரத்தில்தான், தன் கல்யாணத்தோடு வந்த கைத்தையல் மிஷினைத் தூக்கிவந்து வைத்தாள் மூத்தவள்.

ஏழு வருடம் மாடிப்படிக்கு அடியில் ஈரத்தில் கிடந்த மிஷின். அங்கே தள்ளியது யார் என்று கேட்கவே வேண்டாம். மரப்பெட்டியைத் திறந்ததும் கிளம்பிய பூசண வாடையில், சுவரில் மாட்டியிருந்த மாமனார் படமே கோணிக்கொண்டது.

இளையவள் கெடு வைத்தாள். பத்து நாளைக்குள் வாடை போனால் மிஷின் சன்னலோரத்தில் இருக்கலாம். போகாவிட்டால் அது பழைய இரும்புக்காரனுக்கு, அந்த இடம் அவளுடைய மீன் தொட்டிக்கு. மோப்பம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதும் அவளேதான்.

மூத்தவள் இதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. அந்த வீட்டில் அது நிலநடுக்கத்துக்குச் சமம்.

மறுநாளே புடவையை வரிந்து கட்டினாள். ஊசித் தகட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் அப்பியிருந்த பஞ்சுத்தூசியை வழித்தெடுத்தாள். ஒரு தலையணைக்கு ஆகும். கறுத்துப்போன எண்ணெயைத் துடைத்துப் புது எண்ணெய் விட்டாள். பெட்டியின் மரத்தை வினிகரால் துடைத்தாள். மூன்று வீடு தள்ளி ஒரு பூனை குடிபெயர்ந்தது. வெயிலில் காயவைத்து, உள்ளே சமையல் சோடாவைத் தூவி ஊறவிட்டுத் தட்டினாள். கரித்துண்டுகளைக் கிண்ணத்தில் போட்டு உள்ளே வைத்து மூடினாள்.

சாயங்காலம் இளையவள் பல் டாக்டரிடம் உதவியாள் வேலை முடிந்து வருவாள். அங்கே நாள் முழுக்க ‘வாயைத் திறங்க’ என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தால் தன் வாயை மூட மறந்தவள். நிலைப்படியில் நிற்பாள். ஒரே ஒரு இழுப்பு.

“போகலை.”

மறுநாள் மறுபடியும் வினிகர், வெயில், சோடா, கரி.

மூன்றாம் நாள் மூத்தவள் புருஷனைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னாள். அவர் இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்துவிட்டு, தனக்குச் சளி என்றார். கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவருக்கும் சளி.

எட்டாம் நாள், பெட்டி வெளுத்து, மிஷின் கல்யாணப் பெண் மாதிரி மின்னியபோதும், “போகலை.”

பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டினாள் மூத்தவள்.

அதனால்தான் இன்று மத்தியானம் மிஷினைப் பெட்டியோடு பக்கத்து வீட்டுக்காரியிடம் கொண்டுபோய் விட்டாள். சன்னலோரத்து முக்காலியில், பளபளவென்று தேய்த்த பெரிய பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து, துவைத்து மடித்த விரிப்பைப் போர்த்தினாள். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இளையவள் இன்று சீக்கிரமே வந்துவிட்டாள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனவள் அங்கே எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள். வேறொரு நாளாக இருந்தால் மூத்தவள் பாய்ந்திருப்பாள். இன்று விரிப்பை விட்டு நகரவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் இளையவள் நிலைப்படிக்கு வந்து நின்று, நாற்றம் ஜாஸ்தி என்றாள்.

“ஜாஸ்தியா? நல்லா மோந்து சொல்லும்மா.”

“குடலைப் புரட்டுது.”

மூத்தவள் விரிப்பை உருவினாள். கவிழ்த்த பாத்திரம் சாயங்கால வெயிலில் தகதகவென்று சிரித்தது.

அண்ணனும் தம்பியும் அறையிலிருந்து ஓடி வந்தார்கள், இருவர் மூக்கிலும் துண்டு.

“வாங்க, வாங்க. பாத்திரத்துக்கா மூக்கைப் பொத்துறீங்க? ரெண்டு பேருக்கும் சளி போயிடுச்சா?”

யாரும் சிரிக்கவில்லை. தம்பி இருமிக்கொண்டே சமையலறைப் பக்கம் ஓடினார்.

“அதுலேருந்து வரலை, அக்கா,” என்றாள் இளையவள். “அடுப்புலேருந்து வருது. நான் வச்ச பால் தீஞ்சு கால் மணி நேரமாச்சு.”

மூத்தவள் திரும்பினாள். அவள் முதுகுக்குப் பின்னால் சமையலறை வாசல் முழுக்கப் புகை.

ஆறு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல், போகும்போது அவள் மூக்கையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. வாசனை தெரியாதவளிடம் கேஸ் அடுப்பை யார் விடுவார்கள்? அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

“மிஷின் ரெண்டாம் நாளே சரியாயிடுச்சு. அப்புறமும் எதுக்கு அதைப் போட்டுத் தேய்ச்சீங்க?”

மூத்தவள் விரிப்பை நாலாக மடித்தாள். பிரித்து மறுபடியும் மடித்தாள்.

“மிஷின் இங்கேயே இருக்கட்டும்,” என்றாள் இளையவள். சன்னலோரத்தை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கையிலிருந்த தீப்பெட்டியை முக்காலியில் வைத்துவிட்டு, மூத்தவளின் இடுப்பிலிருந்த லைட்டருக்கு நேராகக் கையை நீட்டினாள்.